பத்திரம் காட்டுங்கள், தலைவரே!

பதிவு இலாகாவில் வரிசை பிடித்து நிற்காத தோட்டக் குடும்பம் நம் நாட்டில் ஒன்றாவது உண்டா? அப்பா எந்தத் தோட்டத்தில் பிறந்தார், அம்மா எந்த வருடம் கப்பலேறி வந்தார், பிரசவம் பார்த்தது ஆஸ்பத்திரியிலா லயத்திலா என்று கேள்விமேல் கேள்வி கேட்பார்கள். வாயால் பதில் சொன்னால் போதாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காகிதம் நீட்ட வேண்டும்.

சென்ற மாதம் நமக்குத் தெரிந்த ஒரு பாட்டிக்குத் துணையாக நாமும் அந்த வரிசையில் நின்றோம். எழுபது வயதைத் தாண்டியவர். ஆயுளில் பாதிக்குமேல் பால் மரக்காட்டில் கழித்தவர். கையில் இன்னும் சிவப்பு ஐ.சி.தான். முகப்பில் இருந்த பெண்ணைக் குறை சொல்வதற்கில்லை. தன்மையாகத்தான் கேட்டார்.

“பிறப்புப் பத்திரம் இருக்கா பாட்டி?”

“லயத்துலதாம்மா எங்கம்மா என்னைப் பெத்தாங்க. மருத்துவச்சி வந்து பார்த்துட்டுப் போனாங்களாம். பத்திரமெல்லாம் யாரு எடுத்தா அப்போ?”

“தோட்டத்துப் பதிவு ஏதாச்சும் கிடைக்குமா?”

“தோட்டமே இல்லியே. வித்துட்டாங்க. ஆபீசு இருந்த எடத்துல கடை வீடு கட்டியாச்சு.”

அந்தப் பெண் என்ன செய்வார் பாவம். கூட வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் சாட்சிக்கு அழைத்து வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது பாட்டி நம்மைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். “நான் பொறந்ததுக்கே இத்தனை காயிதம் கேக்குறாங்களே, நம்மளை ஆள வர்றவங்க கிட்டே யாராச்சும் எதாச்சும் கேப்பாங்களா தம்பி?”

கேட்பாரில்லை பாட்டி என்று சொல்லிவிட்டு வந்தோம். வீட்டுக்கு வந்தும் கேள்வி விடவில்லை. அதனால்தான் இந்த வாரம் சம்பளம், போனஸ், வீட்டுடைமை எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு இதை எழுதுகிறோம்.

நம் கதை நமக்குத் தெரியும். 1948இல் அவசர காலம் பிறந்தபோது ஆளுக்கொரு அடையாளக் கார்டு எடுக்கச் சொன்னார்கள், எடுத்தோம். 1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவனுக்கு வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்றார்கள். 1969க்குப் பிறகு அந்தச் சட்டம் நம்மை எப்படி ஆட்டிவைத்தது என்பதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்திருந்தும், விண்ணப்ப பாரத்தை யாரும் எடுத்துச் சொல்லாத காரணத்தால் ஆயிரக்கணக்கானவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறினார்கள். ஒரு துண்டுக் காகிதம் இல்லையென்று அண்ணன் அங்கேயும் தம்பி இங்கேயும் ஆன குடும்பங்கள் எத்தனை!

இப்படி நம் ஜாதகத்தை முழுக்க வாங்கி வைத்திருக்கும் உலகத்தில், தலைவர்கள் தங்கள் ஜாதகத்தை மட்டும் பூட்டி வைத்துக்கொள்கிறார்களே, ஏன்? இது நம் நாட்டு வியாதி மட்டுமல்ல. உலகத்துக்கே ஜனநாயகப் பாடம் நடத்துகிற அமெரிக்காவிலேயே இந்தக் கூத்தைப் பார்க்கலாம். தூரத்துக் கதைதான். ஆனால் அங்கே நீதிமன்றம், பத்திரிகை, காங்கிரஸ் எல்லாம் சேர்ந்து பூட்டை உடைத்திருப்பதால், பூட்டுக்குள் என்ன இருந்தது என்பது நமக்கும் தெரிகிறது. ஆகவே அதைச் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

1952ஆம் வருடம். ரிச்சர்ட் நிக்சன் என்பவர் அங்கே துணை அதிபர் பதவிக்கு நிற்கிறார். ஆதரவாளர்கள் அவருக்காக இரகசியமாக 18,000 டாலர் நிதி சேர்த்து வைத்திருந்ததாகப் பத்திரிகைகள் கிளப்பிவிட்டன. கட்சியே அவரைக் கழற்றிவிடலாமா என்று யோசித்தது. நிக்சன் டெலிவிஷனில் தோன்றினார். தன் வீட்டுக் கடன் எவ்வளவு, கார் எந்த வருடத்துக் கார், மனைவிக்கு விலையுயர்ந்த தோல் கோட்டு கிடையாது, சாதாரணத் துணிக் கோட்டுத்தான் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். பிள்ளைகளுக்கு யாரோ கொடுத்த நாய்க்குட்டியைக்கூட விடவில்லை. கேட்டவர்கள் உருகிவிட்டார்கள். அதோடு விட்டாரா? எதிர்க்கட்சி வேட்பாளர்களும் இப்படி மக்கள் முன் வந்து கணக்குக் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் மறைக்க ஏதோ இருக்கிறது என்றுதான் அர்த்தம் என்று சவாலும் விட்டார். எதிர்த்து நின்ற ஸ்டீவன்சன் தம்முடைய 10 வருட வருமான வரிக் கணக்கை எடுத்து வெளியே போட்டார்.

இந்தப் பேச்சை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதே நிக்சன் 1969இல் அதிபரே ஆகிவிட்டார். 1973 அக்டோபரில் ஒரு பத்திரிகை ஒரு செய்தியை வெளியிட்டது. அதிபர் 1970ஆம் வருடத்துக்குக் கட்டிய வருமான வரி வெறும் 792 டாலர். 1971க்கு 878 டாலர்! அவருடைய வருமானமோ வருடத்துக்கு 2 லட்சம் டாலருக்கு மேல். ஒரு சாதாரணத் தொழிலாளிக் குடும்பம் கட்டுகிற வரியைத்தான் அமெரிக்காவின் அதிபர் கட்டியிருக்கிறார்.

எப்படி வரி குறைந்தது? இங்கேதான் வேடிக்கை. தாம் துணை அதிபராக இருந்த காலத்துப் பழைய கடிதங்களையும் கோப்புகளையும் தேசியப் பழஞ்சுவடிக் காப்பகத்துக்கு அவர் தானமாகக் கொடுத்திருந்தார். அந்தக் காகிதங்களின் மதிப்பு 5 லட்சத்து 76 ஆயிரம் டாலர் என்று கணக்குப் போட்டு, தானம் செய்த வகையில் வரியைக் கழித்துக்கொண்டார். இப்படிக் கழிக்கும் சலுகையை 1969 ஜூலையோடு சட்டம் நிறுத்திவிட்டது. தானப் பத்திரமோ 1970இல்தான் கையெழுத்தானது. அதில் 1969 மார்ச் என்று முன்தேதி போட்டிருந்தார்கள்! இதற்காக வெள்ளை மாளிகை வழக்கறிஞர் ஒருவர் பின்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். நம் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தில் ஒரு எழுத்து மாறியிருந்தால் சத்தியக் கடிதம் கொண்டா என்று விரட்டுகிற உலகத்தில் இது நடந்தது.

செய்தி வெளியானதும் நிக்சனுக்கு வேறு வழியில்லை. 1973 டிசம்பரில் தம்முடைய நாலு வருட வரிக் கணக்கை வெளியிட்டார். காங்கிரஸ் குழு ஆராய்ந்து, 1974 ஏப்ரலில் அவர் கட்ட வேண்டிய பாக்கி வட்டியோடு 4 லட்சத்து 76 ஆயிரம் டாலர் என்று சொல்லியது.

வரிக் கதை இப்படி என்றால் ஒலிநாடாக் கதை இன்னொன்று. வாட்டர்கேட் விவகாரத்தில் தம் அலுவலகத்தில் பதிவான பேச்சுகளைத் தரமாட்டேன் என்று அடம்பிடித்தார். 1974 ஜூலை 24இல் உச்ச நீதிமன்றம், கலந்துகொண்ட எட்டு நீதிபதிகளும் ஒரே குரலில், கொடு என்று தீர்ப்பளித்தது. ஆகஸ்டு 9இல் பதவியை விட்டே போனார். போன பிறகும் விட்டாரா? மற்ற ஒலிநாடாக்கள் மக்கள் காதுக்குப் போகக்கூடாது என்று 1994இல் சாகும்வரை வழக்காடினார். கடைசிக் கட்டு ஒலிநாடாக்கள் 2013இல்தான் வெளியே வந்தன. இதற்கிடையில், பறிமுதல் செய்த காகிதங்களுக்கும் நாடாக்களுக்கும் நஷ்ட ஈடாக 2000ஆம் வருடத்தில் அரசாங்கம் அவர் வாரிசுச் சொத்துக்கு 1 கோடியே 80 லட்சம் டாலர் கொடுக்க வேண்டியதாயிற்று. தானம் கொடுத்த காகிதத்திலும் லாபம், தர மறுத்த காகிதத்திலும் லாபம்!

எல்லோரும் இப்படித்தான் என்று நாம் சொல்ல வரவில்லை. 1967இல் அதிபர் பதவிக்கு முயன்ற ஜார்ஜ் ரோம்னி என்பவரிடம் ஒரு பத்திரிகை வரிக் கணக்குக் கேட்டது. அவர் ஒரு வருடத்தை மட்டும் கொடுக்கவில்லை. ஒரு வருடக் கணக்கு தற்செயலாக நல்லதாக அமைந்துவிடலாம் என்று சொல்லி 12 வருடத்துக் கணக்கையும் கொடுத்தார். எஸ்டேட் ஆபீசில் கணக்குப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். துரை வந்து பார்க்கிற நாளில் எல்லாத் தராசும் சரியாகத்தான் நிற்கும். 45 வருடம் கழித்து 2012இல் அவர் மகன் மிட் ரோம்னி அதிபர் பதவிக்கு நின்றார். கேட்டுக் கேட்டுச் சலித்த பிறகு மகன் கொடுத்தது இரண்டு வருடக் கணக்கு.

நிக்சன் பட்ட பாட்டுக்குப் பிறகு அங்கே ஒரு நல்ல வழக்கம் வந்திருந்தது. கார்ட்டர் முதல் ஒபாமா வரை அதிபராக இருந்தவர்கள் வரிக் கணக்கை மக்களுக்குக் காட்டினார்கள். சட்டம் இல்லை, வழக்கம்தான். 2016இல் டொனால்ட் டிரம்ப் வந்து அந்த வழக்கத்தை முறித்தார். வரி இலாகா என் கணக்கைத் தணிக்கை செய்துகொண்டிருக்கிறது, அதனால் காட்ட முடியாது என்றார். தணிக்கை நடந்தாலும் தன் கணக்கைத் தான் வெளியிட எந்தத் தடையும் இல்லை என்று வரி இலாகாவே சொல்லியும் கேட்கவில்லை. காங்கிரஸ் குழு 2019இல் கேட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 2022 டிசம்பர் 30இல்தான் ஆறு வருடக் கணக்கு வெளியானது. அதற்கு முன்பே 2020 செப்டம்பரில் பத்திரிகையில் கசிந்திருந்தது. 2016க்கு அவர் கட்டிய மத்திய வருமான வரி 750 டாலர். 2017க்கும் அதே 750. நிக்சன் கட்டியது 792. நாற்பத்தைந்து வருடத்தில் விலைவாசி ஏறியது, அதிபரின் வரி மட்டும் இறங்கியது! கணக்கைக் கசியவிட்ட ஒப்பந்த ஊழியருக்கு 2024 ஜனவரியில் ஐந்து வருடச் சிறை கிடைத்தது. அதே 2024 தேர்தலில் டிரம்ப் மறுபடியும் வென்றார். மறைத்தவன் தோற்றே தீருவான் என்று யாரும் மனப்பால் குடிக்க வேண்டாம்.

இதே மனிதர்தான் 2011இல் ஒபாமாவின் பிறப்புப் பத்திரம் எங்கே, எங்கே என்று ஊரெல்லாம் கேட்டுக்கொண்டு திரிந்தவர். ஒபாமா 1961இல் ஹவாய் தீவில் ஹொனலுலுவில் பிறந்தவர். 2008 தேர்தலின்போதே பத்திரத்தைக் காட்டிவிட்டார். அது சுருக்கப் பத்திரம், செல்லாது என்று கிளப்பிவிட்டார்கள். 2011 ஏப்ரலில் ஆஸ்பத்திரிப் பேரோடு முழுப் பத்திரத்தையும் வரவழைத்து வெளியிட்டார். அதற்குப் பிறகும் ஐந்து வருடம் கழித்துத்தான் டிரம்ப், ஒபாமா அமெரிக்காவில் பிறந்தவர்தான் என்று வாய்விட்டு ஒப்புக்கொண்டார்.

தோழர்களே, இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பத்திரம் கேட்பது எல்லா நேரமும் நியாயமா? கறுப்பு நிறத்து மனிதன் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டானே என்ற எரிச்சல் அந்தக் கேள்விக்குள் இருந்தது. ஒரு காகிதத்தைக் காட்டினால் இன்னொரு காகிதத்தைக் கேட்பார்கள். அது நமக்குப் புதிதா? 1969இல் நம்மிடம் கேட்டதும் அந்த வகைதானே? நீ இந்த ஊர்க்காரன் இல்லை என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டுத்தான் பத்திரம் கேட்டார்கள்.

ஆகவே தலைவர்களிடம் கேட்கும்போதும் எதைக் கேட்கிறோம் என்பதில் நமக்கு நிதானம் வேண்டும். ஒரு தலைவரின் சாதி என்ன, அவர் தாத்தா எங்கே பிறந்தார், அவர் வீட்டில் என்ன சண்டை என்று துருவுவது நமக்கு வேண்டாத வேலை. அதைத் துருவுகிறவர்களும் நம் நடுவிலேயே இருக்கிறார்கள், மறுப்பதற்கில்லை. கோயில் தேர்தல் வந்தால் தெரியும் சேதி. நாம் கேட்பது வேறு. பதவிக்கு வருமுன் என்ன சொத்து இருந்தது, வந்த பின் என்ன சேர்ந்தது, பொதுப் பணத்தைக் கையாண்ட காலத்தில் என்ன கையெழுத்துப் போட்டார் என்ற மூன்றும் அவருடைய சொந்த விஷயம் ஆகாது. நம் வேர்வையில் ஒரு பங்கு அந்தக் கணக்கில் இருக்கிறது.

ஒரு தோட்டத்தில் நாம் சிறுவயதில் பார்த்த இரண்டு கிராணிமார் நினைவுக்கு வருகிறார்கள். பால் எடை போடும் இடத்தில் ஒருவர், எடையைச் சொல்லிவிட்டுப் புத்தகத்தை நம் பக்கம் திருப்பி வைப்பார். எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்கும் திருப்பித்தான் வைப்பார். “பாத்துக்கோ ஆத்தா, அப்பறோம் சம்பள நாளன்னிக்கு வந்து சண்டை போடாதே” என்பார். அவர் மாற்றலாகிப் போன பிறகு வந்தவர் முழங்கையால் புத்தகத்தை மறைத்துக்கொண்டே எழுதுவார். எட்டிப் பார்த்தால் முறைப்பார். அவர் எடையில் கைவைத்தாரா இல்லையா என்று நமக்கு இன்றுவரை தெரியாது. ஒருவேளை யோக்கியராகவே இருந்திருக்கலாம். ஆனால் அவர் இருந்த வருடங்களில் சம்பள நாளன்று சண்டை நடக்காத மாதம் கிடையாது. ஒருநாள் மண்டோரே கேட்டுவிட்டார்: “புஸ்தகத்தைக் காட்டுனா என்னாங்க கொறைஞ்சு போவுது?” பதில் வரவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். இங்கே அந்த முழங்கைக்குச் சட்டமே இருக்கிறது. 1972ஆம் வருட அரசாங்க இரகசியச் சட்டம். இரகசியம் என்று முத்திரை குத்திய காகிதத்தை வெளியிட்டவனுக்குச் சிறை. 1986இல் சட்டத்தைத் திருத்தி, குற்றம் நிரூபணமானால் குறைந்தது ஒரு வருடம் உள்ளே இருந்தே ஆக வேண்டும் என்று இறுக்கினார்கள். ராணுவ இரகசியம், எல்லைப் பாதுகாப்பு என்றால் நாம் வாயைத் திறக்கமாட்டோம். ஆனால் 2016இல் 1எம்டிபி நிறுவனத்தைப் பற்றித் தலைமைக் கணக்காய்வாளர் எழுதிய அறிக்கையையும் அதே பெட்டியில்தான் போட்டுப் பூட்டினார்கள். நாட்டின் கடன் கணக்கு எப்படி ராணுவ இரகசியம் ஆகும்? 2018 மே மாதத்துத் தேர்தலில் ஆட்சி மாறியது. சில நாட்களிலேயே பூட்டு திறந்தது. அறிக்கை வெளியே வந்ததால் நாடு இடிந்து விழுந்துவிடவில்லை.

மறு வருடம், 2019 ஜூலை 1இல், எல்லா எம்.பி.க்களும் சொத்துக் கணக்கை அறிவிக்க வேண்டும் என்று மக்களவையில் தீர்மானம் நிறைவேறியது. நல்ல காரியம். எதிர்ப்பு இல்லாமல் இல்லை. கொள்ளைக்காரன் வந்து வீட்டுக்கு வழி தெரிந்துகொள்வான், குடும்பத்துக்கு ஆபத்து என்றெல்லாம் இப்படிப்பட்ட நேரத்தில் சிலர் சொல்வது வழக்கம். நம் சம்பளம் எவ்வளவு என்பது செக்ரோலில் இருக்கிறது, இ.பி.எப். ஆபீசில் இருக்கிறது, கடன் கொடுத்த கடைக்காரருக்கும் தெரியும். நமக்கு வராத ஆபத்து அவர்களுக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது? தீர்மானம் வேறு, சட்டம் வேறு என்பதையும் இங்கே குறித்து வைக்கிறோம். சட்டம் நின்று பேசும். தீர்மானத்தை அடுத்த ஆட்சி ஞாபகம் வைத்துக்கொண்டால் உண்டு. மாநில அளவில் பினாங்கும் சிலாங்கூரும் தகவல் பெறும் உரிமைக்குச் சட்டம் செய்திருக்கின்றன. அங்கே இருக்கும் வாசகர்கள் அதைப் பயன்படுத்திப் பார்த்ததுண்டா? எழுதுங்கள்.

எம்.பி., மந்திரி என்று மேலே மேலே பார்த்துக்கொண்டு நமக்குப் பக்கத்தில் இருப்பவர்களை விட்டுவிடக் கூடாது. கோயில் தலைவர், கூட்டுறவுக் கடைக் காரியதரிசி, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கப் பொருளாளர், தொழிற்சங்கக் கிளைத் தலைவர் எல்லோரும் நம் ஓட்டில் வந்தவர்கள்தான். பங்கு வாங்குங்கள், சமுதாயம் முன்னேறும் என்று மேடையில் சொன்னபோது தாலிக்கொடியை அடகு வைத்துப் பணம் கட்டிய காலம் நமக்கு மறந்தா போய்விட்டது? அன்று பணம் கேட்டவர்களிடம் பழைய கணக்கு எதையும் நாம் கேட்கவில்லை. மாலை போட்டோம், பொன்னாடை போர்த்தினோம், பட்டாசு வெடித்தோம். அதில் நமக்கும் பங்கு உண்டு என்பதை ஒளிக்காமல் சொல்லிக்கொள்கிறோம். இந்தப் பகுதியிலும் அந்த நாட்களில் வந்திருக்க வேண்டிய கேள்விகள் வராமல் போயிருக்கின்றன.

இனி ஓட்டுக் கேட்டு வருகிறவர் மண்டபத்தில் பேசி முடித்து, கேள்வி உண்டா என்று கேட்கும்போது யாராவது ஒருவர் எழுந்திருங்கள். மரியாதையாகவே கேட்கலாம். “ஐயா, போன தவணை நீங்க ஜெயிச்சப்போ இருந்த சொத்துக் கணக்கையும் இப்ப இருக்கிற கணக்கையும் ஒரு தாள்ல எழுதி இந்த நோட்டீஸ் போர்டுல ஒட்டுவீங்களா?” என்று கேளுங்கள். ஒரு வருடக் கணக்கு போதாது. ரோம்னி கொடுத்த மாதிரி பன்னிரண்டு இல்லாவிட்டாலும் பதவியில் இருந்த வருடம் அத்தனைக்கும் வேண்டும் என்று சொல்லுங்கள். ஒட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு ஒட்டாமல் போகிறவர்கள் இருப்பார்கள். எந்தத் தேதியில் சொன்னார் என்று அதே போர்டில் எழுதி வையுங்கள்.

இதைப் பற்றிக் காப்பிக் கடையில் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் சொன்னார்: “கேக்கலாம் தம்பி. கேட்டவன் பேரை எழுதிக்கிட்டுப் போயிடுவாங்களே. அப்பறோம் எம் பேத்திக்குப் படிப்பு உதவி கேட்டுப் போனா முகத்தைத் திருப்பிக்குவாங்க.” அவர் பயம் பொய்யில்லை. உதவிப் பாரத்தில் ஒப்பம் வாங்க யார் வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது என்பது நமக்கும் தெரியும். தனியாக ஒருவர் எழுந்தால் பேர் எழுதுவார்கள். பத்துப் பேர் ஒன்றாக எழுந்தால் எழுதுகிறவருக்கே கை வலிக்கும் என்று சொல்லிப் பார்த்தோம். பெரியவர் சிரித்தார். எழுந்திருப்பேன் என்று சொல்லவில்லை.

பாட்டியின் சங்கதியைச் சொல்லிவிடுகிறோம். சாட்சிக்கு ஆள் கிடைத்துவிட்டது. அந்தக் காலத்தில் அவரோடு பக்கத்து நெரையில் மரம் வெட்டியவர், இப்போது கிள்ளானில் மகள் வீட்டில் இருக்கிறார். கண் சரியாகத் தெரியாவிட்டாலும் பாட்டியின் குரலைக் கேட்டதும் பேர் சொல்லி அழைத்துவிட்டார். வரும் செவ்வாய்க்கிழமை இருவரையும் அழைத்துக்கொண்டு மறுபடியும் அந்த வரிசையில் நிற்கப் போகிறோம். பிறப்பைத் தாமதமாகப் பதிவு செய்வது பற்றிக் கேட்டு எழுதியிருக்கும் வாசகர்களுக்கு, அங்கே விசாரித்துக்கொண்டு வந்து அடுத்த வாரம் இதே பகுதியில் எழுதுகிறோம்.